இன்வார்டு மேசைக்குப் புதிதாக வந்தவருக்கு: வரும் தபாலைச் சோதிக்கும் முறை

பாரிமுனையில் கப்பல் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஆபீஸ், மணலியில் ஒரு தொழிற்சாலை கேட், தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளி, ராயபுரத்தில் ஒரு தொழிற்சங்க அலுவலகம். எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் புதிதாக வந்தவரை முதலில் உட்கார வைப்பது பெரும்பாலும் இன்வார்டு மேசையில்தான். ஒரு ரிஜிஸ்டரும் ரப்பர் ஸ்டாம்பும் கொடுத்து, "வர்றதை வாங்கி என்ட்ரி போடுப்பா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வருவதில் எதை வாங்கக் கூடாது, எதைப் பிரிக்கக் கூடாது, எதைத் தொடவே கூடாது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு உங்களுக்குக் கிடையாது. அதற்கு நாயும் கருவியும் பயிற்சியும் உள்ள ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் அலுவலகத்துக்கு வழக்கமாக என்ன வரும், என்ன வராது என்பது அந்த வெடிகுண்டு நிபுணருக்குத் தெரியாது. அது மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குத்தான் தெரியும். வழக்கத்தில் சேராத ஒன்றைப் பார்த்ததும் கையை நிறுத்தத் தெரிந்தால் இந்த வேலையில் முக்கால்வாசி தெரிந்த மாதிரி. மீதிக் கால்வாசி, நிறுத்திய பிறகு என்ன செய்வது என்பது. அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: பழைய ரிஜிஸ்டரைப் படியுங்கள்

ஆறு மாதப் பக்கங்களைப் புரட்டினால் போதும். யார் அனுப்புகிறார்கள், எந்த கூரியரில், எந்த செக்‌ஷனுக்கு, கவரா பெட்டியா என்று பாருங்கள். கிளியரிங் ஆபீஸ் என்றால் ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங், இன்வாய்ஸ், சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின் எல்லாம் மெல்லிய கவரில் வரும். கனமான பெட்டி எப்போதாவதுதான். மணலிப் பக்கம் தொழிற்சாலையில் தலைகீழ்: சாம்பிள் பாட்டில், கேஸ்கெட், வால்வு என்று கனமாக வருவதுதான் அங்கே சாதாரணம். பள்ளி என்றால் பதிப்பகங்கள் அனுப்பும் மாதிரிப் புத்தகங்கள். ஓர் இடத்தில் சந்தேகத்துக்குரியது இன்னோர் இடத்தில் தினப்படி வரவு. அதனால்தான் எங்கோ அச்சடித்த பொதுவான பட்டியலை மட்டும் சுவரில் ஒட்டி வைத்தால் வேலைக்கு ஆகாது.

பழைய பக்கங்களில் 'ஆர்பிஏடி' (ஒப்புகை அட்டையோடு வரும் பதிவுத் தபால்) என்று நிறையப் பார்ப்பீர்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் என்ற தனிச் சேவை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே வக்கீல் நோட்டீஸ், கோர்ட் சம்மன் எல்லாம் இப்போது ஸ்பீட் போஸ்ட்டாகவே வரும். "இது ஏன் புதுசா ஸ்பீட் போஸ்ட்ல வருது" என்று அதைச் சந்தேகப்பட வேண்டாம்.

அப்புறம், தினமும் காலையில் ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் போன் போட்டு, "இன்னைக்கு ஏதாவது வரவேண்டியது இருக்கா சார்?" என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. எக்ஸ்ரே மெஷின் வாங்க வசதியில்லாத அலுவலகத்துக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தத் தாளில் 'எதிர்பார்த்தது' என்று குறித்துள்ள பார்சல் வந்தால் அனுப்புகிறோம். தாளில் இல்லாதது வந்தால் கேட்டுவிட்டு அனுப்புகிறோம்.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது ஊழியர்களின் சொந்த ஆன்லைன் ஆர்டர்கள். செருப்பு, சார்ஜர், குழந்தைக்கு டயப்பர் என்று நாள் முழுக்க வந்துகொண்டிருந்தால் எது வழக்கம், எது புதுசு என்பதே மங்கிப்போகும். அலுவலக முகவரிக்குச் சொந்த ஆர்டர் வேண்டாம் என்று நிர்வாகம் சொல்வது நல்லது. சொல்லத் தயங்கினால், அவற்றுக்குத் தனி மேசை வைத்து, ஆர்டர் போட்டவரே வந்து எடுத்துப் பிரிக்க வேண்டும் என்றாவது வையுங்கள்.

மேசை எங்கே இருக்க வேண்டும்

வெள்ளை மாளிகைக்கு வரும் தபாலை வெள்ளை மாளிகைக்குள் பிரிப்பதில்லை. வேறு இடத்தில் சோதித்த பிறகுதான் உள்ளே போகும். 2013-இல் அமெரிக்க அதிபருக்கும் ஒரு செனட்டருக்கும் ரிசின் என்ற நஞ்சு தடவிய கடிதங்கள் வந்தபோது, அவர்கள் கைக்குப் போகும் முன்பே அப்படிப்பட்ட வெளி மையங்களில் பிடிபட்டன. தம்புச் செட்டித் தெருவில் ஒரே மாடிப்படி உள்ள பழைய கட்டடத்தில் அந்த அளவுக்கு இடம் கேட்க முடியாது. கேட்கக் கூடியது இதுதான்: இன்வார்டு மேசை தரைத்தளத்தில், வாசலை ஒட்டி, கதவு சாத்தக்கூடிய சிறிய அறையில் இருக்கட்டும். முதலாளி அறைக்கு வெளியே, ஐம்பது பேர் உட்காரும் ஹாலின் நடுவே வேண்டாம். மாடிப்படிக்கு அடியிலும் வேண்டாம், ஏனென்றால் ஏதாவது நடந்தால் மேலே இருப்பவர்கள் இறங்க வேறு வழி இருக்காது.

சென்னையில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது, சரி. ஆனால் மேசை விசிறிக்கு நேர்கீழே இருக்கக் கூடாது, சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தபால் பிரிக்கும் நேரம் மட்டும் விசிறியை நிறுத்தி வையுங்கள். வியர்க்கும்தான். ஆனால் கவரிலிருந்து தூள் கொட்டினால் ஓடும் விசிறி அதை அறை முழுக்கப் பரப்பிவிடும். சென்ட்ரல் ஏசி உள்ள கட்டடமாக இருந்தால் அந்த அறைக்கு மட்டும் காற்றை அடைக்க முடியுமா என்று ஏசி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

மேசையில் வேண்டியவை: நைட்ரைல் கிளவுஸ், கவர் கிழிக்கும் மழுங்கிய கத்தி, ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் பைகள், ஒரு சிறிய தராசு, கவிழ்த்து மூடக்கூடிய காலி பிளாஸ்டிக் கூடை, பக்கத்திலேயே சோப்பும் தண்ணீரும். முடிந்தால் வேறு அறையில் ஒரு லேண்ட்லைன். அது எதற்கு என்று பிறகு வருகிறேன்.

வாங்கும்போது

பிஓடி-யில் (பார்சல் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ளும் சீட்டு) கையெழுத்துப் போடும் முன் பார்சலைப் பாருங்கள். பலரும் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டு அப்புறம்தான் பெயரைப் படிக்கிறார்கள். கூரியர் பையன் அவசரப்படுத்துவார்: "இன்னாணா, டெய்லி வர்றதுதானே, போடுணா." அவருக்கு இன்னும் நாற்பது வீடு இருக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அரை நிமிடம் அவர் நிற்கட்டும்.

அந்த அரை நிமிடத்தில் பார்க்க வேண்டியது அனுப்புநர் முகவரியும், அது புறப்பட்ட இடமும் ஒத்துப்போகிறதா என்பது. ஸ்பீட் போஸ்ட்டில் 13 இடங்கள் கொண்ட எண் இருக்கும்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவே ஒன்பது இலக்கம், கடைசியில் 'ஐஎன்'. அதைத் தபால் துறைத் தளத்தில் போட்டால் எந்த அஞ்சலகத்தில் புக் செய்தது என்று தெரிந்துவிடும். சாதாரணத் தபால் என்றால் முத்திரையைப் பாருங்கள். பின்கோடும் உதவும். 1972 ஆகஸ்ட் 15 முதல் இருக்கும் இந்த ஆறு இலக்கத்தில் முதல் இலக்கமே வட்டாரத்தைச் சொல்லிவிடும்: 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம், 7 என்றால் வங்காளம், ஒடிசா, வடகிழக்கு, 1 என்றால் டெல்லி, பஞ்சாப் பக்கம். ராயபுரம் 600013, திருவொற்றியூர் 600019, எண்ணூர் 600057, மணலி 600068 என்று நம் பக்கத்து எண்கள் கொஞ்ச நாளில் மனப்பாடமாகிவிடும். அனுப்புநர் கோயம்புத்தூர் என்று எழுதியிருக்கிறார், முத்திரை வேறு மாநிலத்தில் விழுந்திருக்கிறது என்றால் அந்தக் கவரை எடுத்துத் தனியாக வையுங்கள்.

தபால்தலைகளையும் கவனியுங்கள். கவுன்டரில் புக் செய்த பார்சலுக்கு பார்கோடு ஸ்டிக்கர் இருக்கும். தடித்த பாக்கெட்டில் ஸ்டிக்கர் எதுவும் இல்லாமல், தேவைக்கு மேல் வரிசையாகத் தபால்தலை ஒட்டியிருந்தால், அனுப்பியவர் கவுன்டரில் முகம் காட்ட விரும்பவில்லை என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்காதது, கூரியரிலும் வராமல் தபாலிலும் வராமல் யாரோ கையில் கொண்டுவந்து, "மேனேஜர் கிட்ட குடுத்துருங்க" என்று வைத்துவிட்டுப் போகும் பாக்கெட். எண் கிடையாது, முத்திரை கிடையாது, தேடிப் பிடிக்க வழி கிடையாது. இதற்கு விதிவிலக்கே வேண்டாம்: கொண்டுவந்தவர் பெயர், போன் நம்பர் எழுத வேண்டும், யாருக்கு வந்ததோ அவர் கீழே வந்து அந்த ஆள் முன்னிலையில் வாங்க வேண்டும். "அவசரமா போகணும்" என்றால், எடுத்துக்கொண்டே போகட்டும்.

எதைச் சந்தேகப்படுவது

வெளிநாட்டுப் பட்டியல்களில் வழக்கமாக இருப்பவை: எண்ணெய்க் கறை, அளவுக்கு மீறிய டேப், கோணல் கையெழுத்து, பெயரில் எழுத்துப்பிழை, தூள், விசித்திர வாசனை. இதை அப்படியே வடசென்னையில் வைத்துப் பார்த்தால் நம் தபாலில் பாதி குற்றவாளி ஆகிவிடும். தண்டையார்பேட்டை என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று ஒரு வாரம் பாருங்கள், புரியும். பிரவுன் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டுவது நம் ஊரில் பொறுப்பான ஆளின் அடையாளம். கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் கறை இருக்கத்தான் செய்யும்.

தூள் விஷயம் இன்னும் சிக்கல். கோயில் பிரசாதம் தபாலில் வருகிறது. விபூதி, குங்குமம், மஞ்சள், சில நேரம் நெய். சபரிமலைப் பிரசாதத்தைத் தபால் துறையே 2020 முதல் ஸ்பீட் போஸ்ட்டில் கொண்டுவந்து தருகிறது. ஆக, மெல்லிய வெள்ளைத் தூளும் எண்ணெய்க் கறையும் சேர்ந்த ஒரு பாக்கெட் நம் அலுவலகத்தில் யாரோ பணம் கட்டி வரவழைத்த புண்ணியமாகவும் இருக்கலாம். இங்கே காலையில் எழுதிய தாள் கைகொடுக்கும். அனுப்புநர் இடத்தில் கோயில் அல்லது தபால் துறை அச்சு இருக்கிறது, பெயருக்குரியவரும் "ஆமாம், நான்தான் கட்டினேன்" என்கிறார் என்றால் முடிந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால், அது விபூதியாகவே இருந்தாலும் இன்னது என்று தெரியாத தூளாகத்தான் நடத்த வேண்டும். அப்புறம் விபூதி என்று தெரிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம்.

நம் ஊரிலும் அலட்சியப்படுத்தக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. கவரில் கம்பியோ ஃபாயிலோ துருத்திக்கொண்டிருப்பது. கடிதக் கவர் ஒரு பக்கம் மட்டும் கனமாகவும் விறைப்பாகவும் இருப்பது. சிறிய ஊசித் துளைகள். உள்ளிருந்து சத்தம், சூடு, ரசாயன வாசனை. பிரிக்காமலேயே மூலையிலிருந்து தூள் உதிர்வது. அனுப்புநர் பெயரே இல்லாமல், 'பர்சனல், அவர் மட்டும் பிரிக்கவும்' என்று அழுத்தமாக எழுதியிருப்பது. இவற்றில் கம்பி, சத்தம், உதிரும் தூள் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே போதும். மற்றவை இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் நிறுத்துங்கள்.

இன்னொன்று, வேலையை விட்டுப் போனவர் பெயருக்கு வரும் பார்சல். அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை தபால் வெடிகுண்டுகள் அனுப்பி மூன்று பேரைக் கொன்ற 'யூனபாம்பர்' வழக்கில் கடைசி பார்சல் கலிபோர்னியாவின் வனத் தொழில் சங்கம் ஒன்றுக்கு வந்தது. அதில் எழுதியிருந்தது முந்தைய தலைவரின் பெயர். புதிய தலைவர் அதைப் பிரித்தார், இறந்தார். அனுப்பியவருக்கு உங்கள் அலுவலகம் பற்றிப் பழைய தகவல்தான் தெரியும் என்பதே ஒரு தகவல். ரிட்டையர் ஆனவருக்கு வங்கிக் கடிதமோ பத்திரிகையோ வந்தால் கவலையில்லை. எதிர்பாராத பெட்டி வந்தால் நீங்களும் பிரிக்காதீர்கள், அவர் இடத்துக்கு வந்தவரிடமும் கொடுக்காதீர்கள். பழைய ஆளுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

பரிசு என்றால் மனம் இளகிவிடும். ஒடிசாவின் பட்நாகரில் 2018 பிப்ரவரியில் புதுமணத் தம்பதி வீட்டுக்குக் கல்யாணப் பரிசாக ஒரு கூரியர் வந்தது. ராய்ப்பூரிலிருந்து பொய்ப்பெயரில் அனுப்பியது. பிரித்தபோது வெடித்து மணமகனும் வீட்டு மூதாட்டி ஒருவரும் இறந்தார்கள், மணப்பெண் படுகாயம் அடைந்தார். அனுப்பிய கல்லூரி ஆசிரியருக்கு 2025 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2024 நவம்பரில் கர்நாடகத்தின் இல்கல் ஊரில் கூரியரில் வந்த ஹேர் டிரையரைப் போட்டுப் பார்த்த பெண்ணின் கைகள் சிதைந்தன. இரண்டிலும் அந்த வீட்டார் யாரும் அந்தப் பொருளை ஆர்டர் செய்யவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும் கிஃப்ட் பாக்ஸ்களுக்கும் இதே கேள்விதான்: அனுப்பியவர் யார், அவரிடம் பேசியாயிற்றா? பேசும்போது பார்சலில் அச்சிட்ட நம்பரைக் கூப்பிடாதீர்கள். நம் ஃபைலில் ஏற்கெனவே இருக்கும் நம்பரைக் கூப்பிடுங்கள்.

ஆபத்து என்றால் வெடியும் விஷமும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2021 ஜூலையில் சென்னை அயல்நாட்டு அஞ்சலகத்தில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த ஒரு பார்சலைச் சுங்கத்துறை பிரித்தபோது, சிறிய குப்பிகளுக்குள் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. இன்வார்டு மேசையில் இதைப் பிரித்திருந்தால் அன்றைய என்ட்ரி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பிரிக்கும்போது

விசிறி அணைந்திருக்கட்டும். கிளவுஸ் போட்டுக்கொண்டு, ஒன்று ஒன்றாக, கத்தியால் மேல் ஓரத்தைக் கிழியுங்கள். விரலை விட்டுக் கிழிப்பது, பல்லால் கடிப்பது, உள்ளே ஊதி விரிப்பது, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுவது, மூக்கருகே கொண்டுபோய் முகர்வது எல்லாம் வேண்டாம். தாளை மெதுவாக இழுத்து எடுங்கள். கவரைக் குப்பையில் போடாமல் அன்று மாலை வரை கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். ஏதாவது பிரச்சினை என்றால் கவரில்தான் எல்லாத் தடயமும் இருக்கும்.

தூள் கொட்டிவிட்டால்

2001 செப்டம்பர், அக்டோபரில் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமித்தூள் வைத்த கடிதங்கள் போயின. 22 பேருக்கு நோய், ஐந்து பேர் இறந்தார்கள். அதில் இருவர் வாஷிங்டன் தபால் பிரிப்பு மையத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் அந்தக் கடிதத்தைத் திறக்கவே இல்லை. பிரிப்பு இயந்திரங்கள் அழுத்தியதில் ஒட்டிய கவரிலிருந்தே தூள் கசிந்து காற்றில் கலந்திருந்தது. கவரை அமுக்கிப் பார்க்கக் கூடாது, குலுக்கக் கூடாது என்று சொல்வதன் காரணம் இதுதான். கடிதம் யார் பெயருக்கு வந்தது என்பது முக்கியமில்லை, கையாளுகிறவருக்குத்தான் ஆபத்து முதலில்.

தூளைப் பார்த்ததும் கையிலிருப்பதை மேசையில் மெதுவாக வையுங்கள். கூடையையோ துணியையோ அதன்மேல் கவிழ்த்து மூடுங்கள். பெருக்காதீர்கள், துடைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். விசிறி, ஏசி ஓடிக்கொண்டிருந்தால் அணையுங்கள். ஜன்னலைச் சாத்தி, எல்லோரும் வெளியே வந்து, கதவையும் சாத்துங்கள். யாரையும் மறுபடி உள்ளே விடாதீர்கள்.

அடுத்து சோப்புப் போட்டுத் தண்ணீரில் கை கழுவுங்கள். பிளீச்சிங் பவுடரோ டெட்டாலோ வேண்டாம், பிரஷ் வைத்துத் தேய்க்கவும் வேண்டாம். தோலில் கீறல் விழுந்தால் அதுவே வழி ஆகிவிடும். முகத்தைத் தொடாதீர்கள். சட்டையில் பட்டிருந்தால் கழற்றி ஜிப் பையில் போட்டு மூடுங்கள். உதறக் கூடாது. அந்த அறையில் அந்த நேரம் இருந்தவர்கள் அத்தனை பேரின் பெயரும் போன் நம்பரும் ஒரு தாளில் வர வேண்டும். டீ கொடுக்க வந்த பையன் பெயரும்தான். இவர்கள் வீட்டுக்குக் கிளம்பிப் போகாமல் ஓரிடத்தில் காத்திருக்க வேண்டும்.

பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: ஆந்த்ராக்ஸாகவே இருந்தாலும் நுரையீரலைத் தாக்கும் அந்த வகை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இருமலில் பரவுவதில்லை. டாக்டர் மேற்பார்வையில் சீக்கிரம் தொடங்கினால் தடுக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் இருக்கின்றன. யாரும் தானாக மெடிக்கல் ஷாப்புக்கு ஓட வேண்டாம்.

கம்பி, சத்தம், சந்தேகமான கனம் என்றால்

இங்கே பல விஷயங்கள் தலைகீழ். தூளுக்கு மூடச் சொன்னேன். இதை மூடவே கூடாது, தொடவே கூடாது. கையில் இருந்தால் அருகே உள்ள சமமான இடத்தில் மெதுவாக வைத்துவிட்டு விலகுங்கள். ஏற்கெனவே மேசையில் இருந்தால் நகர்த்தாதீர்கள். தூளுக்குக் கதவு, ஜன்னல் சாத்தச் சொன்னேன். இங்கே திறந்தது திறந்தபடியே இருக்கட்டும், வெளியே போகும்போது கதவையும் திறந்து விட்டுப் போங்கள். வெடித்தால் அழுத்தம் வெளியேற வழி வேண்டும்.

வாளித் தண்ணீரில் போடுவது, மணல் மூட்டையால் மூடுவது, தெருவில் கொண்டுபோய் வைப்பது எல்லாம் காலங்காலமாக நம் ஆட்கள் சொல்லிவரும் வைத்தியம். எதையும் செய்யாதீர்கள். ஆடினாலோ திறந்தாலோ ஈரம் பட்டாலோ எது அதை இயக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. "சார் கிட்ட காட்டிட்டு வர்றேன்" என்று முதல் மாடிக்கு எடுத்துப் போவது எல்லாவற்றிலும் மோசம். சாரைக் கீழே கூப்பிட்டு அவரையும் வெளியே அழைத்துப் போங்கள்.

செல்போன், வாக்கிடாக்கி இரண்டையும் அதன் பக்கத்தில் வைத்துப் பேசாதீர்கள். பிரிட்டன் காவல்துறை வழிகாட்டுதல் 15 மீட்டர் தள்ளிப் போய்ப் பேசச் சொல்கிறது. லேண்ட்லைன் கேட்டது இதற்குத்தான், அதுவும் வேறு அறையில். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் படம் எடுத்து அனுப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்காகத் திரும்பிப் போக வேண்டாம்.

எவ்வளவு தூரம் போவது? அதே வழிகாட்டுதலில் கையில் அடங்கும் சிறிய பொருளுக்கு 100 மீட்டர், சூட்கேஸ் அளவுக்கு 200, பெரிய வண்டிக்கு 400. மணலித் தொழிற்சாலை வளாகத்தில் 100 மீட்டர் சுலபம். லிங்கிச் செட்டித் தெருவில் 100 மீட்டர் என்றால் அடுத்த தெருவையும் தாண்டும், நடுவே லோடு வண்டியும் ட்ரை சைக்கிளும் நிற்கும். அதனால் ஒன்றுகூடும் இடத்தை முன்கூட்டியே நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் கட்டடத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது, வெடிப்பில் காயம் ஏற்படுத்துவதில் பெரும்பங்கு கண்ணாடிக்கு. முனையைத் திரும்பி, ஒரு சுவர் மறைக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். பக்கத்துக் கடைக்காரர்களிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்.

கசியும் சாம்பிளும் உப்பிய பேட்டரியும்

உண்மையைச் சொன்னால், வடசென்னை இன்வார்டு மேசையில் நீங்கள் பார்க்கப்போகும் ஆபத்து பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. சோம்பலில் வருகிறது. ஆசிட் சாம்பிளை 'புக்ஸ்' என்று எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வெடிக்கும், தீப்பிடிக்கும், தீங்கு செய்யும் பொருளைத் தபாலில் அனுப்ப 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்திலேயே தடை இருந்தது, இன்றும் தபால் துறையின் தடைப் பட்டியலில் அவை இருக்கின்றன. இருந்தும் வரும்.

ரசாயனத்தோடு வாழும் பகுதி இது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான், மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் இருப்பது ஊருக்கே செய்தியானது. அதே மாதம் அதை ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் காரமான வாசனை பழகிப்போயிருக்கும். "எண்ணூர்க் காத்து, விடு" என்று பார்சலிலிருந்து வரும் வாசனையையும் விட்டுவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

பெட்டியில் ஆபத்தின் வகையைக் காட்டும் சாய்சதுர லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பில் தீச்சுடர் என்றால் தீப்பிடிக்கும் திரவம், வகை 3. கையின்மேலும் உலோகத்தின்மேலும் சொட்டும் படம் என்றால் அரிக்கும் பொருள், வகை 8. மேல்பாதியில் கறுப்புக் கோடுகள் என்றால் வகை 9. லித்தியம் பேட்டரிகள் இதில் வரும், யுஎன் 3480 அல்லது 3481 என்ற எண்ணோடு. லேபிள் இருந்தால் நல்லதுதான், அனுப்பியவர் நேர்மையானவர் என்று அர்த்தம். அதோடு வரும் பாதுகாப்புத் தரவுத்தாளில் 16 பகுதிகள் இருக்கும். நான்காவது முதலுதவி, ஆறாவது கசிந்தால் செய்ய வேண்டியது. லேப் ஆளை வரச்சொல்லி அவரையே எடுக்கச் சொல்லுங்கள். ஈரமான பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். கையில் பட்டுவிட்டால் குழாயடியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு ஆஸ்பத்திரி. பாரிமுனை, ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம்.

உப்பிய பவர் பேங்க், போன் பேட்டரி வந்தால் அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். சூடோ புகையோ இல்லாவிட்டால், தீப்பிடிக்கும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த சிமென்ட் தரையில் வைக்கலாம். புகை வந்துவிட்டால் ஆளை வெளியேற்றி 101.

யாரைக் கூப்பிடுவது, அப்புறம் என்ன

112 போதும். போலீஸ் 100, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108 என்பவையும் இயங்குகின்றன. பேசும்போது இடம், மாடி, பொருளின் அளவு, என்ன பார்த்தீர்கள் (தூளா, கம்பியா, கசிவா), எத்தனை பேர்மேல் பட்டிருக்கிறது, இப்போது எல்லோரும் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லுங்கள். 'வெடிகுண்டு' என்று நீங்களே முடிவு கட்டிச் சொல்ல வேண்டாம், 'சந்தேகத்துக்குரிய பார்சல்' என்றால் போதும். தெருவில் கத்தவும் வேண்டாம், அந்தத் தெருவில் ஆள் மிதித்துக் காயம்படுவது பார்சலைவிடச் சீக்கிரம் நடந்துவிடும். வெடிகுண்டு நிபுணர் குழு மாநகரக் காவல்துறையிடமே இருக்கிறது. ரசாயனம், கிருமி என்று பெரிதானால் அதற்குப் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. அவர்களைக் கூப்பிடுவது காவல்துறை வேலை, உங்களுடையது இல்லை.

மிரட்டல் கடிதம் மட்டும் வந்தாலும், இமெயில் வந்தாலும் இதே கதைதான். 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 பள்ளிகளுக்கு மிரட்டல் மெயில் வந்து, சோதித்ததில் ஒன்றுமில்லை என்று ஆனது. அதற்குப் பிறகும் அதுபோல் நிறைய. புரளி என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை இன்வார்டு மேசைக்குக் கிடையாது. தாளைக் கைரேகை படாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

போலீஸ் வந்து பார்த்து, உள்ளே போகலாம் என்று சொல்லும் வரை யாரும் சாப்பாட்டுப் பையை எடுக்கக்கூட உள்ளே போகக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு அன்றைய ரிஜிஸ்டரில் அந்தப் பார்சலுக்கு ஒரு வரி வேண்டும்: வந்த நேரம், கொண்டுவந்தவர், எண், எத்தனை மணிக்கு 112-க்குப் பேசியது, எந்த ஸ்டேஷனிலிருந்து வந்தார்கள். பார்சலை அவர்கள் எடுத்துப் போனால் கையெழுத்து வாங்குங்கள். புகார் கொடுத்திருந்தால் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) தருவார்கள், அந்த எண்ணை ரிமார்க்ஸ் பத்தியில் எழுதி, ஜெராக்ஸ் ஒன்றை ஃபைலில் போட்டுவிட்டு, தீர்ந்துபோன கிளவுஸுக்கும் ஜிப் பைக்கும் அன்றைக்கே இன்டென்ட் (வாங்கித் தரக் கேட்கும் சீட்டு) போட்டுவிடுங்கள்.